கூட வந்தவள்

கிருபாவுக்கு அருவருப்பு அதிகம். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் தலையில் எண்ணெய் வழிந்தால் எழுந்து நின்றுகொண்டே ஊர் வந்து சேருவாள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சும் சத்தம் காதில் விழுந்துவிட்டால் அதற்கு மேல் அவளுக்கு ஒரு வாய் இறங்காது. புகுந்த வீட்டில் அவளுக்கு மகாராணி என்றே பெயர். அந்த மகாராணி ஆறு வருஷமாக ஊரார் கக்கூசைக் கழுவித்தான் சம்பளம் வாங்கினாள்.

மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா பாத்தியில் உப்பு வாருவார். அம்மா வெயில் ஏறுவதற்கு முன் சுமந்து முடிக்கவேண்டும் என்று விடியுமுன்பே கிளம்பிப் போய்விடுவாள். அப்பா முந்தின நாள் குடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்து வைத்திருப்பதைக் காலையில் அள்ளுவது கிருபாவின் வேலை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி, மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு, தேங்காய் மட்டையால் வழித்து எடுப்பாள். அப்புறம் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரைக்கும் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே நடப்பாள்.

ஜான்சனோடு கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே அவனிடம் சொல்லிவிட்டாள்: நீ குடிப்பாயோ மாட்டாயோ எனக்குத் தெரியாது, குடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தால் நான் தொடமாட்டேன். ஜான்சன் கொத்தனார். சாந்து பிசைந்த களைப்பில் எப்போதாவது குடிப்பான். ஒரே ஒருமுறை வீட்டு வாசலில் எடுத்துவிட்டான். கிருபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். காலையில் அவன் எழுந்து, தெருவே பார்க்க, தானே தண்ணீர் ஊற்றிக் கழுவினான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒன்று நடக்கவில்லை.

அவளும் பதினேழு வருஷம் உப்பு சுமந்தாள். முப்பத்தெட்டு வயதில் கழுத்து எலும்பு தேய்ந்து இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. இனிமேல் தலையில் ஒரு சொம்பு கூட வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், உப்பைச் சுத்தம் செய்து பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் ஆள் கேட்டார்கள். ஆபீசைப் பெருக்க, டீ கொடுக்க, கக்கூஸ் கழுவ. கிருபா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாகக் கழுவினாள். மதியச் சாப்பாட்டை மட்டும் அங்கே சாப்பிட மாட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் சாப்பாடு.

அந்தக் கம்பெனியில் வருஷா வருஷம் ஆபீஸ்காரர்கள் ஒரு வேன் பிடித்து ஊர் சுற்றப் போவார்கள். கிருபாவை யாரும் கூப்பிட்டதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. போன வருஷம் டிசம்பரில், மழை விட்டதும், அக்கவுண்ட்ஸ் பார்க்கும் யுவராணி வந்து கேட்டாள். கிருபாவைவிடப் பத்து வயது சிறியவள், ஆனாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். தெற்கே ஒரு பழைய பெரிய கோயிலுக்குப் போகிறோம், மாதா கோயில், நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம், நீயும் வா, மேனேஜரே உன்னைக் கூப்பிடச் சொன்னார் என்றாள்.

அந்தப் பேராலயத்தைக் கிருபா தங்கள் ஊர்ப் பங்குக் கோயில் காலண்டரில் பார்த்திருக்கிறாள். கூம்பிய இரண்டு கோபுரங்கள், ஈட்டி முனை மாதிரி மேலே குவிந்த ஜன்னல்கள். எப்படித்தான் கட்டினார்களோ என்று ஜான்சனிடம் கேட்டதற்கு, அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வேலை, இப்போது அப்படி வளைவு எழுப்ப ஆள் கிடையாது என்று அவன் சொன்னது அவள் நினைவில் இருந்தது. ஜான்சன் அப்போது இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டு வேலையில் இருந்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று அனுப்பினான். ஈஸ்டருக்கு எடுத்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

சனிக்கிழமை காலை வேனில் பதினொரு பேர். மேனேஜர் தேசப்பன் முன்வரிசையில் இருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, எப்போதும் அடங்கிய குரலில் பேசுகிறவர். கிருபாவுக்குக் கடைசி சீட். அங்கே இட்லிப் பாத்திரம், சட்னித் தூக்கு, எலுமிச்சைச் சாதம், தண்ணீர் கேன், பாக்குமட்டைத் தட்டுக் கட்டு எல்லாம் அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். சாமான் இருக்கிற வேன், யாராவது ஒருத்தர் பின்னால் உட்காரத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வழியில் ஒரு சவுக்குத்தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தினார்கள். சொல்லாமலே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவளும் சொல்லாமலே எழுந்து பரிமாறினாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டுகளை அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே போட்டார்கள். சூப்பர்வைசர் மோகன் சட்னி வழிந்த தட்டிலேயே வாய் கொப்பளித்துத் துப்பி அவள் பக்கம் நகர்த்தினான். அவளுக்குக் குமட்டியது. தட்டின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக் குப்பை மூட்டையில் போட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவுமில்லை.

கீழ்புத்துப்பட்டு தாண்டிப் பாண்டிச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் ஒரு மதுக்கடை முன்னால் வேன் நின்றது. ஆண்கள் இறங்கிப் போய்க் காகிதப் பையோடு வந்தார்கள். பின் சீட் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கிருபாவை எழுப்பி முன்னால், பாவாடை என்ற டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மேடையில் உட்காரவைத்தார்கள். உடம்பு சுட்டது. ஆனாலும் சாலை முழுக்கத் தெரிந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

கடலூருக்குள் நுழைவதற்குள் வேன் நாற ஆரம்பித்துவிட்டது. பிராந்தி, வறுத்த கோழி, யாரோ செருப்பைக் கழற்றிய கால், ஏசிக்காக மூடிய ஜன்னல். தேசப்பனும் பின்னால் போயிருந்தார். ஆபீசில் அவ்வளவு அடக்கமாகப் பேசுகிறவர் இங்கே ஒரு கெட்ட வார்த்தைக்கு இன்னொரு கெட்ட வார்த்தையால் பதில் சொல்லிச் சிரித்தார். கடித்த எலும்புகளைத் தண்ணீர் கேனின் மூடியில் போட்டார்கள். அதே கேனிலிருந்து யுவராணி ஒரு டம்ளர் பிடித்துக் குடிப்பதைப் பார்த்துவிட்டுக் கிருபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவாடை வண்டியை ஓட்டியபடியே மெதுவாகச் சொன்னார்:

"கோயிலுக்குப் போற வண்டிம்மா இது. நானும் இருவது வருஷமா ஓட்டுறேன். கோயிலுக்குப் போற வண்டியிலதான் ஜாஸ்தி."

ஒரு மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைத்தெருவின் முடிவில், இரண்டு பக்கமும் துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில், அது தனியாக எழும்பி நின்றது. காலண்டரில் இருந்ததைவிட அழுக்கு, காலண்டரில் இருந்ததைவிடப் பத்து மடங்கு உயரம். கோபுரத்தின் நுனியைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த முடியாமல் கிருபா நான்கடி பின்னால் போய்ப் பார்த்தாள். மற்றவர்கள் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே யாருமில்லை என்றே சொல்லலாம். இரண்டு கிழவர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். தூண்கள் மேலே போய்க் கிளை பிரிந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கவிழ்த்துப் போட்ட பெரிய படகின் உட்பக்கம் போலிருந்தது கூரை. நீலமும் சிவப்புமாக ஜன்னல் கண்ணாடி. அதன் வழியே வந்த வெளிச்சம் கல்தரையில் விழுந்து கிடந்தது. பதினேழு வருஷம் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவள் கண் எப்போதும் பாதி இடுங்கியே இருக்கும். இங்கே கண்ணை முழுக்கத் திறந்து வைத்துக்கொள்ள முடிந்தது. மெழுகும் ஈரக்கல்லும் கலந்த வாசனை. அது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. காலையிலிருந்து முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். நடுவில் ஒரு பெஞ்சில் முழங்கால் போட்டாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கழுத்துக்காகக் கேட்கலாமா, மகளுக்காகக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். மோகன் மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுத்து, எதிரொலி வருகிறதா என்று பார்த்தான். கிழவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தேசப்பன் மட்டும் பேசாமல், வியர்த்துப்போய், பீடத்தைப் பார்த்து நடுவழியில் நடந்து வந்தார். கிருபாவுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் வந்ததும் நின்றார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். பிறகு அங்கேயே வாந்தி எடுத்தார். முதல் தடவை முழங்கால் போடும் பலகை மேல், இரண்டாவது தரையில். நீல வெளிச்சம் விழுந்த இடத்தில் கோழித் துணுக்கும் இட்லியும் பிராந்தியுமாகப் பரவிக் கல்லின் இடுக்குகளில் ஓடியது. அந்த நாற்றம் கிருபாவின் தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்பது வயதில் முகர்ந்த அதே நாற்றம்தான்.

இரண்டு பேர் ஓடிவந்து தேசப்பனைத் தாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்பி முழங்காலில் இருந்த கிருபாவைப் பார்த்தார்கள்.

யுவராணி பக்கத்தில் வந்து குனிந்தாள். "கிருபா... கொஞ்சம் பாரேன். சாமியாரு யாரும் வர்றதுக்குள்ள."

"நான் ஜெபம் பண்ண வந்தேங்க" என்றாள் கிருபா.

மோகன் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "ஏம்மா, பின்ன எதுக்கு உன்ன கூட்டிக்கினு வந்தோம்? இந்த மாதிரி எதுனா ஆவும்னுதானே."

அவள் எழுந்தாள். சட்னித் தூக்கும் கடைசி சீட்டும் தட்டு மூட்டையும் ஒன்றின் பின் ஒன்றாக அவளுக்கு விளங்கின. மேனேஜரே கூப்பிடச் சொன்னார் என்று யுவராணி சொன்னதும், அதை அவள் ஜான்சனிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும்விட அவளுக்குக் குமட்டலாக இருந்தது. பக்கவாசல் வழியே வெளியே போய், குழாயடியில் இருந்த ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, அங்கேயே காய்ந்துகொண்டிருந்த சாக்குத்துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்தது. அவள் வாளியைத் தேசப்பனின் காலடியில் வைத்தாள்.

"எடுத்தவரு தொடைக்கட்டும்" என்றாள்.

தேசப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கிழவர்கள் பார்ப்பதைக் கண்டு அடங்கினான். யாரும் வாளியைத் தொடவில்லை. தாங்கிப் பிடித்தவர்கள் தேசப்பனை மெல்ல வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். யுவராணி கடைசியாக, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதைச் சுற்றி வளைத்துப் போனாள். தொடமாட்டேன் என்று கிருபாவும் கையைக் கட்டிக்கொண்டு தூண் ஓரம் நின்றாள்.

பீடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவி வந்தாள். கோயிலைப் பெருக்குகிறவள். அறுபது வயதுக்கு மேலிருக்கும், முழங்கால் சரியில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். யார், என்ன, எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. ஒரு முறத்தில் மணல் கொண்டுவந்து தூவினாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனகலோடு தரையில் உட்கார்ந்து, கையாலேயே வழிக்க ஆரம்பித்தாள்.

கிருபா பார்த்துக்கொண்டு நின்றாள். தான் தொடமாட்டேன் என்று நின்றதன் அர்த்தம் இவள் தொடுவதுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேசப்பன் மேலிருந்த வெறுப்பில் ஒரு பங்கு தன் மேலும் வந்தது. ஊதாப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாக்குத்துணியைக் கையில் எடுத்தாள். இரண்டு தடவை குமட்டி, வாயைப் பொத்திக்கொண்டு தலையைத் திருப்பினாள். நல்லவேளை, வயிறு காலி.

"பலகையை நீ தொடச்சிடு. இடுக்குல நான் பாத்துக்கிறேன். சோப்புத்தூளு வாணாம், கல்லு மங்கிடும்" என்றாள் கிழவி. சற்றுப் பொறுத்துக் கேட்டாள்: "அவங்க வூட்டுல வேலை செய்றியா?"

"இல்லம்மா. கூட வந்தவ."

கிழவி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "கூட வந்தவங்கல்லாம் அதோ ஐஸ் துன்றாங்க."

அவள் பெயர் முத்தம்மாள். அந்தக் கோயிலில் இருபத்தெட்டு வருஷமாகப் பெருக்குகிறாள். கல்யாண வீட்டார், ஊர் சுற்ற வருகிறவர்கள், வேண்டுதல்காரர்கள் என்று எல்லோரும் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள் என்றாள். குழந்தை மூத்திரம், பான்பராக், ஒருமுறை தூணுக்குப் பின்னால் மீன்குழம்பு. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நான்கு முறை தண்ணீர் மாற்றினார்கள். கடைசியில் முத்தம்மாள் குனிந்து தரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். கிருபாவும் அப்படித்தான் முகர்வாள்.

குழாயடியில் இருவரும் முழங்கை வரைக்கும் மூன்று முறை கழுவினார்கள். முத்தம்மாள் ஒரு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினாள். கிருபா தயங்கினாள். அடுத்தவர் டம்ளரில் தனக்கு இறங்காது, தப்பாக நினைக்காதீர்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு மட்டும் எறங்குமா? அதனாலதான் ரெண்டு டம்ளரு வச்சிருக்கேன். இது புதுசு, யாரும் வாய் வக்கல" என்றாள் முத்தம்மாள். "அருவருப்பு இல்லாதவளாப் பாத்துதான் கடவுள் இந்த வேலைக்கு அனுப்புறாருன்னு நெனச்சிக்கினு இருக்கறாங்க எல்லாரும்."

கிருபா அன்று முதல்முதலாகச் சிரித்தாள். டீயைக் குடித்தாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. போய்த் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். யுவராணி இறங்கி வந்து, சார் நிதானத்தில் இல்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே, அடுத்து பீச்சுக்குப் போகிறோம், மதியச் சாப்பாடு வேறு இருக்கிறது என்றாள். பரிமாற ஆள் இல்லையே என்பதுதான் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. தேசப்பன் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வாய் ஓரத்தைக்கூட யாரும் துடைத்துவிடவில்லை. பாவாடை மட்டும் கண்ணாடியை இறக்கி, சிதம்பரம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும், அங்கிருந்து எதில் ஏறவேண்டும் என்று விவரமாகச் சொல்லி அனுப்பினார். மூன்று பஸ் மாறி விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி அவள் வீடு வந்து சேர்ந்தாள். ஜான்சன், கோயில் எப்படி இருந்தது என்று கேட்டான். குளித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனவள், அன்றைக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது மன்னிப்பு ஒன்றையும் அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் எதிர்பார்க்காத வேறொன்று ஆபீசில் காத்திருந்தது. சட்னி கெட்டுப்போயிருந்ததாம். கிருபா தூக்கை என்ஜின் சூட்டில் வைத்துவிட்டாளாம். அதைச் சாப்பிட்டுத்தான் மேனேஜருக்கு அப்படி ஆனதாம். இதை அவளிடம் சொன்னவள் யுவராணியேதான், உனக்குத் தெரியட்டும் என்று, கண்ணைப் பார்க்காமல். நான் என்ஜின் பக்கம் போனதே சாப்பிட்ட பிறகுதானே, அந்தச் சட்னியை நீயும்தானே சாப்பிட்டாய் என்று கிருபா கேட்டாள். யுவராணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிருபா டீத் தட்டை மேசையில் வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குள் போனாள். தேசப்பன் வெள்ளைச் சட்டையில், படிய வாரிய தலையோடு, அதே அடங்கிய குரலில் என்னம்மா என்றார்.

"சட்னின்னு சொல்லிக்கினு இருக்கறாங்க சார். நீங்க எடுத்தத நான்தான் தொடச்சேன். என்னா வாசன வந்துதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் முகம் சிவந்தது. கதவைப் பார்த்தார். அது திறந்தேயிருந்தது, வெளியே டைப்படிக்கும் சத்தம் நின்றிருந்தது. போய் வேலையைப் பாரு என்றார். அவள் போய் மாத முடிவு வரைக்கும் வேலையைப் பார்த்தாள். ஒருநாள் கூட மட்டம் போடவில்லை. முப்பத்தொன்றாம் தேதி சாவிக்கொத்தை யுவராணியின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதுவரையில் தேசப்பன் ஒருமுறை கூட அவள் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. தட்டில் வைத்தபடியே ஆறிப்போகும். அவர் வாய் வைக்காத டம்ளரைக் கழுவுவது அவளுக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

இப்போது அவள் உப்பளத்தில் மூட்டை வாய் தைக்கிறாள். உட்கார்ந்து செய்கிற வேலை, கழுத்துக்குப் பரவாயில்லை. கை மட்டும் சாயங்காலத்தில் மரத்துவிடும். தவக்காலத்தில் ஒருநாள் ஜான்சனையும் மகளையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் அந்தக் கோயிலுக்குப் போய்வந்தாள். ஜான்சன் ஒரு மணிநேரம் கூரை வளைவுகளையே அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டினவன் மனுஷன்தானா என்றான். முத்தம்மாள் அன்று வேலைக்கு வரவில்லை. முழங்காலுக்கு ஊசி போடப் போயிருப்பதாகக் கோயில் உபதேசியார் சொன்னார்.

கம்பெனியில் அவள் இடத்துக்கு எடுத்திருப்பது அமராவதியை. கிருபாவுக்கு ஒரு தெரு தள்ளிய வீடு. புருஷன் கடலுக்குப் போய் முதுகு ஒடிந்து படுத்திருக்கிறான். சேருவதற்கு முந்தின நாள் வந்து, வேலை எப்படிக்கா இருக்கும் என்று கேட்டாள். கிருபா ஒன்று விடாமல் சொன்னாள், வேனையும் சட்னியையும் சேர்த்து. அமராவதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்கு வேற வழி இல்லக்கா என்றாள். போகாதே என்று சொல்லக் கிருபாவுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய், உப்பு தன் கையை அரிக்காமலிருக்கப் போன மாதம்தான் பாண்டியில் வாங்கிவைத்திருந்த ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அமராவதி போட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் பெருசா இருக்குதுக்கா."

"பரவால்ல. மணிக்கட்டுல ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்க" என்றாள் கிருபா.